பி.காம் மாணவருக்கு எக்செல் எதற்கு, டேலி மட்டும் போதாதா?

டேலி வேலை வாங்கித் தரும், மறுக்கவில்லை. ஆனால் அது கம்பெனிக் கணக்கு தம்பி, உங்கள் சொந்தப் பணத்துக்கு எக்செல்தான் வேண்டும். நீங்கள் இன்னும் தவணை எதுவும் கட்ட ஆரம்பிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எங்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர். அக்கா மகள் பாண்டிச்சேரியில் பி.காம். அவளுக்கு லேப்டாப் வாங்க நேரு வீதியில் ஒரு கடைக்குப் போனோம். அறுபதாயிரம் கடன், 12 சதவீத வட்டி, மாசம் 5,600 வீதம் 12 மாசம். "ரொம்பக் கம்மி வட்டிக்கா" என்று கடைப் பையன் ஃபாரத்தை நீட்ட, அக்கா பேனாவைத் திறந்தாச்சு. இவள்தான் "இரும்மா" என்று போனில் எக்செல் மாதிரியே இருக்கும் கூகுள் ஷீட்ஸைத் திறந்து, மாச வட்டி விகிதத்தைச் சொல்லும் ரேட் ஃபார்முலாவில் 12, மைனஸ் 5600, 60000 என்று போட்டு, வந்த விடையை 12-ஆல் பெருக்கினாள். 21.5 சதவீதத்தை ஒட்டி வந்தது. "பன்னெண்டு இல்லையே மாமா!"

மாசாமாசம் அசல் குறைகிறது, வட்டியை மட்டும் கடைசி வரை முழு அறுபதாயிரத்துக்கும் போடுகிறார்கள், ஃபிளாட் வட்டி என்பது இதுதான். குறையும் அசலுக்கு 12 என்றால் மாசத் தவணையைச் சொல்லும் பிஎம்டி ஃபார்முலா 5,331 என்று காட்டும். வருஷத்தில் மூவாயிரத்து இருநூறுக்கு மேல் வித்தியாசம்.

அப்புறம் கேஎஃப்எஸ் தாளை, அதாவது கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளைக் கேட்டு வாங்கினாள். 2024 அக்டோபர் 1 முதல் தரும் சில்லறைக் கடன்களுக்கு அதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஏபிஆர் என்ற இடத்தில், அதாவது கடனுக்கு ஆகும் மொத்த வருஷச் செலவுச் சதவீதம், பிராசசிங் கட்டணமும் சேர்ந்து, இவள் கணக்கைவிடக் கூடுதலாகவே இருந்தது. கிளம்பி வந்துவிட்டோம். அடுத்த மாசம் அக்காவின் சீட்டுப் பணத்தில் ரொக்கமாக வாங்கினோம். சீட்டிலும் ஏலத்தில் தள்ளு என்று ஒரு தொகை கழிந்து போகுமே என்று யாராவது வருவீர்கள், அது கடைசிச் சீட்டு, தள்ளு கிடையாது. தவணையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறேன்.

இதை அவளுக்குக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் ஆத்திரம். ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஃபார்முலாவைப் பேனாவால் எழுதச் சொல்கிறார்கள். கட்டம் கோணலாக இருந்தால் கையெழுத்து கிடையாது. லேபில் உட்கார வைத்துச் சொந்தமாக ஒரு கடன் கணக்கு போடச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

காசு கொடுத்து எக்செல் வாங்க வேண்டாம், ஷீட்ஸும் லிப்ரே ஆபீஸ் கால்க்கும் இலவசம். ரேட் போடும்போது தவணைக்கு முன்னால் மைனஸ் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் விடைக்குப் பதில் எரர்தான் வரும்.