பேர் என்றால் எந்தப் பேர்?

போன சனிக்கிழமை பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு அம்மா, மகளின் படிப்பைப் பற்றிக் கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு ஹட்டனில் என்னைப் பார்க்க வந்தார். மகள் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். "சேர், ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனும் கையுமா இருக்கா. கேட்டா எழுதுறேன்னு சொல்றா. ஒரு சதம் வரக் காணோம்" என்றார் அம்மா. கொழும்பு மாமாவுக்கு அதில் கவலை இல்லை. "எழுதட்டும், பேரு வரும். அதுக்குள்ள ஒரு தனியார் கெம்பஸ்ல டிஜிட்டல் மார்க்கெட்டிங் டிகிரிக்குச் சேர்த்துவிடுவோம், 18 லட்சம்தானே" என்றாராம்.

நானும் வழக்கம்போல "அனுபவம்தானே, பரவாயில்லை" என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் மகளின் போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு சுற்றுலா இணையத்தளம். எட்டு மாதத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக 43 கட்டுரை எழுதியிருக்கிறாள். நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறுவது, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை எங்கே நின்று பார்ப்பது என்று எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மேலேயும் கீழேயும் ஹோட்டல் விளம்பரம், நடுவில் அறை பதிவு செய்யும் பொத்தான். யாராவது பதிந்தால் தளத்துக்குத் தரகுக் காசு. எழுதியவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சான்றிதழ் வந்திருக்கிறது. அதிலும் அவள் பெயரில் எழுத்துப்பிழை.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: அக்கா, உங்களுக்குப் பழக்கமான கணக்கிலேயே சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்த அரைப்பேருக்காகக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நீங்கள் போடாத சண்டையா? 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வருவதற்குள் எத்தனை போராட்டம்! கொழுந்தை நிறுத்து எடுத்துக்கொண்டு, "காசு கிடையாது, உங்கள் பெயரைப் பலகையில் எழுதுகிறோம்" என்றால் விடுவீர்களா? உங்கள் மகளுக்கு அந்தத் தளத்தில் விழுவது அரைப்பேர்கூட இல்லை.

மாமாவுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் ஹஃபிங்டன் போஸ்ட் என்ற தளத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல் எழுதினார்கள். 2011இல் ஏஓஎல் கம்பனி அதை 315 மில்லியன் டொலருக்கு வாங்கியது. எழுதியவர்கள் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள். காசு கிடையாது என்று தெரிந்துதானே எழுதிக் கொடுத்தீர்கள் என்று நீதிமன்றம் 2012இல் அதைத் தள்ளிவிட்டது. 2009இல் தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் என்ற தளம், தன்னை மொழிபெயர்த்துத் தர என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்டது. அது தெரிவு செய்யக் கொடுத்த விடைகளில் 'ஜாலியாக இருக்கும் என்பதற்காக' என்பதும் ஒன்று. தொழில் செய்கிறவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அதே கம்பனியை 2016இல் மைக்ரோசொஃப்ட் 26.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

நானும் ஏமாந்தவன்தான். ஒரு கல்வித் தளத்துக்கு ஒரு வருடம் சும்மா எழுதிக் கொடுத்தேன். கடன் வாங்கிப் படிக்கப் போகாதீர்கள் என்று நான் எழுதிய கட்டுரைக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியின் தவணைத் திட்ட விளம்பரம் மின்னியது. அன்றோடு நிறுத்தினேன். அதற்காக இலவசமாக எழுதவே கூடாது என்று சொல்லமாட்டேன். தமிழ் விக்கிப்பீடியாவுக்கோ 'நூலகம்' என்ற இணைய நூலகம் போன்ற இலாப நோக்கில்லாத முயற்சிக்கோ எழுதினால், அந்தப் பக்கத்தை வைத்து யாரும் ஹோட்டல் அறை விற்பதில்லை.

இனி அந்த 18 லட்சம். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த சேமலாப நிதியைத்தான் எடுக்கப் போகிறார்களாம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அந்தக் காசில் கை வைக்காதீர்கள். மாமா எவ்வளவு போடுகிறார் என்று கேட்டேன், அம்மா பேசவில்லை. மகளிடம் அந்தப் படிப்பில் என்ன பிடிக்கும் என்று கேட்டால் அவளுக்கும் பதில் இல்லை.

ஆனால் பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தாள். தோட்ட வீடுகளான லயத்தில் யாருக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தாலும் இவளிடம்தான் கொண்டுவருவார்களாம். அவற்றில் வந்த சொற்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று நிரலாக எழுதி வைத்திருக்கிறாள். சத்தியக்கடதாசி, காணி உறுதி, வாரிசு, காணி அனுமதிப்பத்திரம். யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்த வேலை. எனக்கு அந்த 43 கட்டுரையைவிட இந்தக் கொப்பிதான் பெரிதாகத் தெரிந்தது.

மொழிபெயர்ப்பை நம் ஆட்கள் ஒரு படிப்பாகவே நினைப்பதில்லை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள், சிங்களம் தமிழ் இரண்டிலும் நிர்வாகம் நடக்க வேண்டிய இருமொழிப் பிரிவுகள். இருந்தும் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருவது நிற்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் செல்லம்மா, அடையாள அட்டையில் செல்வம்மா என்று இருந்தால் கடவுச்சீட்டு எடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். அந்தச் சான்றிதழை ஆங்கிலத்தில் கேட்டால், நியமனம் பெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அவர் பெயரைத் 'திருத்தி' எழுதக் கூடாது. தாளில் இருப்பதுதான் வரவேண்டும். திருத்தம் வேண்டுமானால் அது பதிவாளரிடம் தனியாகச் செய்கிற வேலை. கூகுள் மொழிபெயர்க்கும், சரி. பிழை வந்தால் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுமா?

யாழ்ப்பாணம், களனிப் பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்பை விசேட பட்டமாகப் படிக்கலாம். அரச பல்கலைக்கழகம், படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் மஹாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும். உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு கணிக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வரிக்கு வரி படியுங்கள். திகதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். மகளுக்குச் சிங்களம் பேச வரும், எழுதும்போது தடுமாறுகிறாள். பெறுபேறு வரும்வரை அரச கரும மொழிகள் திணைக்களத்தின் சிங்கள வகுப்பைப் பிடிக்கலாம்.

அந்தத் தளத்துக்கு என்ன எழுதுவது என்று மகள் கேட்டாள். மூன்று வரி போதும் என்றேன். இனிச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் எழுதுகிறேன், இல்லாவிட்டால் இல்லை. பழைய கட்டுரைகளில் என் பெயரைச் சரியாகப் போடுங்கள். வேறு எங்கும் விற்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாக எழுதியவருடையது. ஆனால் கணக்குத் திறக்கும்போது 'சம்மதம்' என்று எதை அமுக்கினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. அதை முதலில் தேடிப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை பாட்டியின் சிங்களப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவருவார்கள். அதை அவள் ஆங்கிலத்தில் எழுதட்டும், நான் சிவப்புப் பேனையோடு பக்கத்தில் இருக்கிறேன்.