தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறதா? வடிகுழாயைப் பாருங்கள்

வீடு மாறியதிலிருந்து ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, துவைக்கவே தொடங்கவில்லை என்கிறீர்கள். இடம் மாற்றிய பிறகு வந்த கோளாறு என்பதால் எனக்கு முதல் சந்தேகம் வடிகுழாய் மேல்தான். அதன் முனை தரையில் கிடந்தால் பம்ப் ஓடாமலே தண்ணீர் தானாக வெளியே இறங்கிவிடும், மெஷினும் இன்னும் நிரம்பவில்லை என்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் ஏறும்போது சுவிட்சை அணைத்துவிட்டு வடிகுழாய் முனையைப் பாருங்கள். அப்போதும் வழிந்தால் அதேதான். அந்த முனையைத் தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் மாட்டுங்கள், சுவர்க் குழாய்க்குள் ஆழமாகத் திணிக்காதீர்கள், காற்று போக இடம் வேண்டும்.

வழியவில்லையா? சரி, நீர்மட்டத்தை அளக்கும் மெல்லிய குழாய் உள்ளே கழன்றிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள், பிளக்கைப் பிடுங்காமல் நீங்கள் திறக்கவே வேண்டாம்.