ஓடிக்கொண்டிருக்கும் சிப்பின் சூட்டை எப்படி அளப்பது?

ப்ராசசர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன் வெப்பநிலையை அறிய மேலே சென்சார் எதையாவது ஒட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், சென்சார் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் பல இடங்களில்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சென்சாராக இருப்பது ஒரு சிலிக்கான் டயோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன உறுப்பு. அதில் மாறாத அளவு மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஒரு டிகிரி சூடு ஏறும்போது அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். ஆனால் எந்த இரண்டு டயோடும் அச்சாக ஒன்றுபோல் இருக்காதே, அதனால் ஒரே டயோடில் 10 மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு மின்னோட்டங்களை மாற்றி மாற்றிச் செலுத்தி, கிடைக்கும் இரண்டு மின்னழுத்தங்களைக் கழித்துப் பார்க்கிறார்கள். தயாரிப்பில் வரும் வேறுபாடு பெரும்பாலும் அதில் அடிபட்டுப் போய்விடும், மிஞ்சுவது டிகிரிக்குச் சுமார் 0.2 மில்லிவோல்ட். அதைப் பெருக்கி எண்ணாக மாற்றிக்கொள்வார்கள்.

லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் (lm-sensors) என்ற மென்பொருளை நிறுவி, டெர்மினலில் 'சென்சார்ஸ்' (sensors) என்று அடித்தால் போதும், வெப்பநிலை வந்துவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தரும் தெர்மல் (வெப்பநிலை) கோப்பை நேரடியாகப் படித்தால் 48000 என்று வரும், பயப்பட வேண்டாம், 48 டிகிரிதான், ஆயிரத்தால் பெருக்கித் தருகிறது.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. இன்டெல் ப்ராசசரில் ஒவ்வொரு கோரிலும் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) இருக்கும் சென்சார் 'இத்தனை டிகிரி' என்று சொல்வதில்லை, உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். வரம்பு 100, பாக்கி 30 என்றால் மென்பொருள் கழித்து 70 என்று காட்டுகிறது. வரம்பை நெருங்கும்போதுதான் அந்தக் கணக்கு துல்லியமாக இருக்கும், சும்மா இருக்கும்போது ஒரு கோர் 34, பக்கத்து கோர் 39 என்று காட்டினால் அதை வைத்துக் கவலைப்படாதீர்கள். கனமான வேலை ஒன்றைக் கொடுத்து, எண் ஏறி ஒரே இடத்தில் நிலைக்கும்வரை ஓடவிட்டுப் பாருங்கள், அப்போது வருவதைத்தான் நான் நம்புவேன்.

அகச்சிவப்புத் துப்பாக்கியை (தொடாமலே சூட்டை அளக்கும் கருவி) ஹீட்சிங்க் மீது, அதாவது சிப்பின் சூட்டை வெளியேற்ற மேலே பொருத்தும் உலோகத்தின் மீது காட்டி அளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நானும் முயன்றேன், மென்பொருள் காட்டியதைவிட மிகவும் குறைவாக வந்தது. பளபளக்கும் உலோகம் தன் சூட்டை அகச்சிவப்பாகக் கொஞ்சம்தான் வெளியிடும், சுற்றுப்புறத்தைத்தான் அதிகம் பிரதிபலிக்கும், அது போக ஹீட்சிங்கே சிப்பைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். கருப்பு மின்காப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் காட்டினால் ஹீட்சிங்கின் சூடு ஓரளவு சரியாக வரும், உள்ளே இருக்கும் சிலிக்கானின் சூடு அப்போதும் தெரியாது.