கிட்டார் கற்கத் தொடங்கியவர் பூகி-வூகி பேஸ் வரிகளை எப்படிப் பயிற்சி செய்வது?

பூகி-வூகி ப்ளூஸ் சார்ந்த ஒரு பியானோ நடை; அதில் தாழ்ந்த சுரங்களில் திரும்பத் திரும்ப உருளும் வரிதான் பேஸ் வரி. அதன் சுரங்களை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். என்னை மாதக்கணக்கில் படுத்தியது கார்டு (chord) மாறும் இடம்தான். பயிற்சி நேரத்தில் பாதியை அதற்கே ஒதுக்குங்கள்.

ஏ கார்டில் தொடங்கலாம். ஆறாவது, அதாவது மிகத் தடித்த கம்பியில் 5ஆம் ஃப்ரெட், நடுவிரல். அப்புறம் ஐந்தாவது கம்பியில் 4, 7. நான்காவது கம்பியில் 4, 5. பிறகு வந்த வழியே திரும்பி 4, ஐந்தாவது கம்பியில் 7, 4. நான்குக்குச் சுட்டுவிரல், ஏழுக்குச் சுண்டுவிரல். எட்டுச் சுரம், ஒரு பார் (நான்கு தட்டு) முடிந்தது. இதையே அடுத்த மெல்லிய கம்பிக்கு நகர்த்தினால் டி. அந்த டி-யை இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால் ஈ. ஏ நான்கு பார், டி இரண்டு, ஏ இரண்டு, ஈ ஒன்று, டி ஒன்று, ஏ இரண்டு: ப்ளூஸின் ஒரு சுற்றான 12 பாரும் வந்துவிட்டன.

நான்காவது பார் முடிந்து டி-க்குப் போகும்போதெல்லாம் நான் தடுமாறினேன். இடது கையைப் பார்ப்பேன், வலது கை நின்றுவிடும். பார்க்கவே வேண்டியதில்லை என்று பிறகுதான் புரிந்தது. ஏ வரியின் கடைசிச் சுரம் ஐந்தாவது கம்பியில் 4ஆம் ஃப்ரெட். டி-யின் முதல் சுரம் அதே கம்பியில் 5. சுட்டுவிரலுக்குப் பக்கத்திலேயே நடுவிரல் காத்திருக்கிறது! டி-யிலிருந்து ஏ-க்குத் திரும்பும்போது ஒரு கம்பியைத் தாண்ட வேண்டும், அது கொஞ்சம் சிரமம். எல்லாவற்றையும்விடக் கடினம் ஒன்பதாவது பாரிலிருந்து பத்தாவதுக்கு, ஈ-யிலிருந்து டி-க்கு இறங்குவது. கை முழுதும் பின்னால் வர வேண்டும். இந்த இடங்களில் முந்தைய பாரின் கடைசி இரண்டு சுரம், அடுத்ததன் முதல் சுரம், இவற்றை மட்டும் இருபது முறை வாசியுங்கள்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மனதில் 'தகிட' சொல்லி, 'த'விலும் 'ட'விலும் மட்டும் மீட்டுங்கள். அந்த ஊஞ்சல் நடை வந்துவிடும். சுரம் தப்பினால் தப்பட்டும், நிறுத்தாதீர்கள். இது பியானோவின் இடது கையிலிருந்து வந்த வரி. பூகி-வூகி பியானோ கலைஞர்கள் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் ஆகியோரின் 1930களின் பதிவுகளைக் கேளுங்கள்: வலது கை எங்கெங்கோ போய்வரும், இடது கை தன் பாட்டுக்கு உருண்டுகொண்டே இருக்கும். 12 பாரையும் மூன்று சுற்று நிற்காமல் வாசிக்க முடிந்த பிறகு 65க்குப் போங்கள்.