எல்லாரும் ஒரே ஆளா?

ஐயா,

நான் கிளிநொச்சி. பல்கலைக்கழகத்தில் கணிதம், இறுதியாண்டு. தொற்றுநோய் பரவுவதைச் சமன்பாடுகளால் காட்டுவதுதான் என் ஆய்வு. வன்னிச் சனத்தொகையைத் தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் என்று மூன்று பெட்டிகளாகப் பிரித்திருக்கிறேன். எவரும் எவரையும் சமமாகச் சந்திப்பதாக எடுத்துக்கொண்டேன். இதைக் கணிக்கக் கணினி மொழிகளில் 'ஆர்' நல்லதா, பைத்தன் நல்லதா? மனிதரை எண்ணாக்குவது சரிதானா என்றும் ஓர் உறுத்தல். இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

ஒரு மாணவி

அன்புள்ள பிள்ளைக்கு,

ஆரோ பைத்தனோ, கைக்கு வந்ததை எடுங்கள். உறுத்தலையும் ஒரு பக்கம் வையுங்கள்; நிவாரண அட்டையோடு வரிசையில் நின்ற சனத்துக்கு எண்ணாவது புதிதல்ல. எனக்குக் கோபம் வந்தது நடுவில் இருந்த அந்த ஒற்றை வரியில்தான். எவரும் எவரையும் சமமாகச் சந்திக்கிறார்களாம்! வன்னியில் பிறந்த பிள்ளை எழுதுகிற வரியா இது?

அந்த மூன்று பெட்டிகளும் 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வருபவை. பம்பாயில் 1905-06இல் நடந்த பிளேக் சாவுகளோடு அவர்களின் வளைகோடு அழகாகப் பொருந்தியது. தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் சனத்தை எல்லாம் கூழ்ப்பானையில் போட்டுக் கலக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துச் சனத்தில் ஒரு பகுதி கிளாலி தாண்டி வன்னிக்கு வந்தது. எங்கள் வளவிலும் ஒரு குடும்பம் கொட்டில் போட்டு இருந்தது. அதே குளம், அதே மாரி, அதே நுளம்பு. மலேரியா வந்தால் நாங்கள் நடுங்கிக் கிடந்துவிட்டு எழும்பி வயலுக்குப் போவோம். அவர்களோ சுருண்டு விழுந்தார்கள். குடாநாட்டில் மலேரியா குறைவு, அவர்கள் உடம்புக்கு அது பழக்கமில்லை. எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே திரும்பத் திரும்ப வந்து ஓர் அரைகுறைப் பாதுகாப்பு இருந்தது. மருந்துக்கும் தட்டுப்பாடு, ஆஸ்பத்திரியில் ஆளைத் தெரிந்தவருக்குக் குளோரோகுயின் முதலில் கிடைக்கும். கொட்டிலில் இருந்த ஆச்சி ஒருநாள் அம்மாவிடம், "உங்களுக்கென்ன, காட்டுச் சனம், ஒண்டும் செய்யாது" என்றா. அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. என்றாலும் பின்னேரம் மல்லி அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தா. ஆச்சி சொன்னது திமிர்தான், ஆனால் பாதி உண்மை. உங்கள் சமன்பாட்டில் இந்த இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012இல். 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே தந்துவிட்டது. அதனால் இன்றைய வன்னிப் பிள்ளைகளின் உடம்பும் மலேரியாவை அறியாது. வெளியிலிருந்து அது திரும்பி வந்தால் நீங்களும் அந்த ஆச்சியின் பக்கம்தான்.

கணக்கிலும் இது சின்ன விஷயம் இல்லை. ஒருவர் சராசரியாக 2.5 பேருக்குத் தொற்றவைத்தால், 60 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு வந்ததும் பரவல் இறங்கும் என்பது பழைய கணக்கு. 2020இல் பிரிட்டன், போல், டிராப்மன் என்ற கணித ஆய்வாளர் மூவரும் வயதையும் நடமாட்டத்தையும் வேறுபடுத்திப் போட்டபோது அது 43 ஆகக் குறைந்தது. அதிகம் அலைகிறவர்கள் முதலில் தொற்றி, முதலில் ஆட்டத்தைவிட்டு விலகுகிறார்கள். நோய் வந்து கிடைக்கும் எதிர்ப்புக்குத்தான் இந்தக் கணக்கு, தடுப்பூசிக்கு அல்ல. உடனே சந்தோஷப்படவும் வேண்டாம், வேறுபாடு மறுபக்கமும் இழுக்கும். சின்னமுத்துக்கு, அதாவது தட்டம்மைக்கு, 95 சதவீதம் பேர் ஊசி போட்டிருந்தாலும், போடாத ஐந்து சதவீதமும் ஒரே குடியிருப்பில் இருந்தால் அங்கே வெடிக்கும்.

2009இல் போர் முடிந்து சனத்தை வைத்திருந்த செட்டிகுளத்து முகாம்களில் கொப்புளிப்பானும் செங்கமாரியும் பரவின. ஒரே பௌசர்த் தண்ணீர், ஒரே மலசலகூட வரிசை, அங்கேயாவது எல்லாரும் சமம் என்பீர்கள். அங்கேகூட வலயத்துக்கு வலயம் முட்கம்பி இருந்தது, பிள்ளை. அடுத்த வலயத்தில் இருந்த சொந்தத் தமையனைப் பார்க்க முடியாத சனம் அது.

பெட்டிகளைப் பிரியுங்கள். பள்ளிப் பிள்ளைகள், வயல்காரர், முல்லைத்தீவுக் கரையோரம், ஆடைத் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போய்வரும் பெண்கள். யார் யாரை எவ்வளவு சந்திக்கிறார்கள் என்று நாலுக்கு நாலு எண் அட்டவணையாக அணி ஒன்று போடுங்கள். தரவு இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்வார். காலைப் பஸ்ஸில் ஏறி, கொப்பியும் பேனையுமாக நீங்களே கேட்டு எழுதுங்கள். வேலை கிடைக்குமா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். அணியை அனுப்புங்கள், பார்க்கிறேன்.