பால் பல்லில் அடைத்தது ஏன் திரும்பத் திரும்ப விழுகிறது?

ஐந்தரை வயது மகளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. முதலில் அடைத்தது இரண்டு மாதத்தில் விழுந்துவிட்டது, மறுபடி அடைத்தது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, இப்போது பல் முழுவதையும் மூடும் உறையாக ஸ்டீல் கேப் போட வேண்டும் என்கிறார்கள். எப்படியும் விழப்போகிற பல்லுக்குக் கேப் எதற்கு, இன்னும் நல்ல மருந்தாகப் பார்த்து அடைத்தால் போதாதா, முதலில் அடைத்தவர் சரியாகச் செய்யவில்லையா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். எக்ஸ்ரே விவரத்தையும் எழுதியிருக்கிறார்: இரண்டு பால் கடைவாய்ப் பற்களில் முன்னால் இருப்பது, பின்பல்லை ஒட்டிய பக்கத்தில் சொத்தை, நரம்பு வரை போகவில்லை, வலியும் இல்லை.

கேப் போட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு வருகிற பெற்றோர் எல்லாருமே மருந்தின் தரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அது ஒட்ட வேண்டிய பல்லைப் பற்றி அவர்களிடம் யாரும் பேசியிருப்பதில்லை.

முதலில் 'விழப்போகிற பல்' என்ற பேச்சு. உங்கள் மகளுக்குச் சொத்தை வந்திருக்கும் பல் சாதாரணமாக 9 முதல் 11 வயதுக்குள் விழும், அதன் பின்னால் இருப்பது 10 முதல் 12 வயதுக்குள். அதாவது இன்னும் நான்கைந்து வருடம் அந்தப் பல்லால்தான் அவள் மெல்லப் போகிறாள். அது அங்கே இருக்கும் வரைதான் அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடமும் பத்திரமாக இருக்கும்.

சரி, அடைப்பு ஏன் நிற்கவில்லை? வெள்ளை நிறத்தில் அடைக்கிற காம்போசிட் தானாகப் பல்லில் ஒட்டாது. பல்லின் மேல் 37 சதவீத அளவில் பாஸ்பாரிக் அமிலத்தை 15 நொடி போலத் தடவிக் கழுவுவோம். அது பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அரித்துச் சொரசொரப்பாக்கும், அந்த நுண்ணிய பள்ளங்களுக்குள் பசை இறங்கி இறுகிக்கொள்ளும். 1955இல் புவனோகோர் என்ற பல் மருத்துவர் வெளியிட்ட முறை இது, இன்றைக்கும் வெள்ளை அடைப்புக்கு அடிப்படை இதுதான். ஆனால் பால் பல்லின் எனாமல் சுமார் 1 மில்லிமீட்டர்தான், நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. அதிலும் மேற்பரப்பில் ஒழுங்கான படிக அமைப்பு இல்லாத ஒரு படலம் பால் பல்லில் அதிகம், அமிலம் அங்கே சீராக அரிக்காது. உள்ளே இருக்கும் டென்டினில் தாதுச்சத்து குறைவு என்பதால் அமிலம் வேகமாக உள்ளே போய்விடும், பின்னாலேயே போகும் பசை அந்த ஆழம் முழுவதையும் நிரப்பாது. ஆக, வெளியே அரிப்பு போதாது, உள்ளே அரிப்பு அதிகம். ஒரே பசையை ஒரே மாதிரி போட்டாலும் பெரியவர்களின் பல்லில் பிடிக்கிற அளவுக்குப் பால் பல்லில் பிடிப்பதில்லை.

அடுத்தது எச்சில். அமிலத்தைக் கழுவிக் காற்றடித்துக் காயவைத்ததும் எனாமலின் பளபளப்பு போய் மங்கிய வெள்ளையாகத் தெரியும், சரியாக அரித்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் குழந்தை நாக்கை ஒரு தடவை அங்கே கொண்டுவந்தால் போதும், அந்த வெள்ளை மறைந்துவிடும். எச்சிலில் இருக்கும் புரதம் பள்ளங்களை அடைத்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி அமிலம் தடவித்தான் ஆக வேண்டும், துடைத்துவிட்டுத் தொடர்ந்தால் பிடிப்பு போச்சு. ஐந்து வயதுக் குழந்தையின் சின்ன வாயில், அழுகைக்கும் நாக்குக்கும் நடுவில் கீழ்க் கடைவாயை ஓரிரு நிமிடம் சொட்டு ஈரம் இல்லாமல் வைத்திருப்பது எளிதில்லை. ரப்பர் டேம் என்று மெல்லிய ரப்பர் விரிப்பைப் பல்லைச் சுற்றி மாட்டினால் நன்றாகவே முடியும், வெறும் பஞ்சை வைத்துச் சமாளித்தால் அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ரப்பர் டேம் மாட்டினார்களா என்று பெற்றோர் கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று, காம்போசிட் விளக்கொளியில் இறுகும்போது அளவில் 2, 3 சதவீதம் சுருங்கும். அதனால்தான் 2 மில்லிமீட்டர் அடுக்கு அடுக்காகப் போடுகிறோம். சுருங்கும்போது பிடிப்பு எங்கே பலவீனமோ அந்த இடத்தை இழுத்து விலக்கும். இரண்டு பற்கள் ஒட்டும் பக்கத்தில் சொத்தை என்றால் அந்தப் பலவீனமான இடம் ஈறுக்கு அருகில் உள்ள அடிவிளிம்பு. எனாமல் அங்கேதான் மிக மெல்லியது, ஈறிலிருந்து ஈரமும் ரத்தமும் கசிவதும் அங்கேதான், கண்ணால் நேராகப் பார்க்க முடியாததும் அதே இடம். மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், கிருமி உள்ளே போய் அடைப்புக்கு அடியிலேயே சொத்தையைத் தொடரும். விழுந்துவிட்ட அடைப்பைவிட, விழாமல் இப்படிக் கசிந்துகொண்டே இருக்கும் அடைப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் அதிகம். விழுந்தால் உடனே வந்துவிடுவீர்கள். கசிந்தால் நள்ளிரவில் குழந்தை வலியால் அழும்போதுதான் தெரியும்.

உங்கள் மகளின் பல் இதில் இன்னும் சங்கடமான பல். முன் பால் கடைவாய்ப் பல் சின்னது, மேலே குறுகி ஈறுக்குப் பக்கத்தில் புடைத்திருக்கும், உள்ளே நரம்பிலிருந்து கொம்பு போல மேலே நீளும் நுனிகள் மேற்பரப்புக்கு வெகு அருகில் இருக்கும். ஆழமாக எடுக்கவும் முடியாது, அகலமாக எடுத்தால் மிச்சமிருக்கும் சுவர் உடையும். அந்தப் புடைப்பினால், அடைக்கும்போது சுற்றி வைக்கிற மெல்லிய உலோகப் பட்டையும் அடிவிளிம்பில் ஒட்டி உட்காராது. போதாததற்கு, ஒவ்வொரு முறை அடைப்பு விழுந்து மறுபடி சுத்தம் செய்யும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகிறது, மூன்றாவது அடைப்புக்கு முதல் அடைப்பை விடவும் குறைவான பல்லே மிஞ்சியிருக்கும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், முதலில் அடைத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கிளாஸ் அயனோமர் என்று இன்னொரு மருந்து உண்டு. வில்சன், கென்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. இது பல்லிலுள்ள கால்சியத்தோடு ரசாயனமாகவே இணையும், லேசான ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஃப்ளோரைடும் கொஞ்சம் விடும். அசையாமல் உட்காராத குழந்தைக்கு நல்ல மருந்துதான், ஆனால் மெல்லும் விசையைத் தாங்கும் வலு குறைவு. மேற்பரப்பில் ஒரே ஒரு சின்னக் குழி என்றால் தாராளமாக நம்பலாம். பக்கச் சுவரும் போன குழியில், பிசின் கலந்த வகை கொஞ்சம் தேவலாம் என்றாலும், நான்கைந்து வருடத்துக்கு அதை நம்ப எனக்கு மனம் வராது.

இப்போது ஸ்டீல் கேப். இதன் பலமே பசையை மட்டும் நம்பி நிற்காதது. அடைப்புக்கு இடைஞ்சலாக இருந்த அதே புடைப்பு இங்கே உதவிக்கு வருகிறது: கேப்பின் மெல்லிய விளிம்பு புடைப்பைத் தாண்டும்போது லேசாக விரிந்து, தாண்டியதும் அதன் அடியில் டப்பா மூடி போலச் சொடக்கென்று உட்காரும். கையில் அந்தச் சொடக்கு நன்றாகத் தெரியும். விளிம்பு ஈறுக்குள் 1 மில்லிமீட்டர் போல இறங்கும், சுற்றிலும் ஈறு சில நிமிடம் வெளுத்துப்போகும், அது சரியாகிவிடும். இவை முன்பே செய்து அளவு வாரியாக வருகிற கேப்கள், உங்கள் குழந்தையின் பல்லை அச்செடுத்துச் செய்தவை அல்ல, ஆகவே சுற்றிலும் துல்லியமாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பொருந்தாத இடத்தில் விளிம்பை இடுக்கியால் உள்பக்கம் மடக்குவோம், மிச்ச இடைவெளியைச் சிமென்ட் நிரப்பும். வெளியே வழிந்த சிமென்ட்டை மட்டும் ஒட்டு மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும்: பல் நூலில் ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு பல்லுக்கும் நடுவில் இறக்கிப் பக்கவாட்டில் இழுத்தால் உள்ளே மறைந்திருக்கும் துணுக்கும் வந்துவிடும். இதை விட்டுவிட்டால் ஈறு வீங்கிக்கொண்டே இருக்கும்.

வலியும் சீழும் இல்லாமல், சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவே நல்ல டென்டின் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்தால் பல்லைச் செதுக்காமல், ஊசி போடாமல், சொத்தையைக்கூட எடுக்காமல் அப்படியே கேப்பை அழுத்தி மூடிவிடும் முறையும் இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் பயன்படுத்திவந்தது, அவர் பெயராலேயே ஹால் முறை என்கிறோம். சொத்தையை உள்ளே விட்டு மூடுவதா என்று கேட்பீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். நன்றாக மூடிவிட்டால் உள்ளே இருக்கும் கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காது, சொத்தை முன்னேறாமல் நின்றுவிடும். அங்கே 132 குழந்தைகளை வைத்து, ஒரே குழந்தைக்கு ஒரு பல்லில் ஹால் கேப், இன்னொரு பல்லில் வழக்கமான அடைப்பு என்று செய்து ஐந்து வருடம் பார்த்தார்கள். நரம்பு வீக்கம், சீழ் போன்ற பெரிய தோல்வி கேப் போட்டதில் 3 சதவீதம், அடைத்ததில் 16.5 சதவீதம். உங்கள் மகளுக்கு இந்த முறை ஒத்துவரும் என்றே நீங்கள் எழுதியிருப்பதை வைத்துத் தோன்றுகிறது. நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். இப்படிப் போட்டால் முதலில் கடி உயர்ந்து மற்ற பற்கள் சேராமல் இருக்கும். பயப்படாதீர்கள், சில வாரத்தில் தானாகச் சமமாகிவிடும்.

வெள்ளையாக வேண்டுமென்றால் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகை கேப் உண்டு. அழகுதான், ஆனால் அது வளையாது, சொடக்கென்று உட்காராது. பல்லை நிறையச் செதுக்கித் தளர்வாகப் பொருந்தும்படி வைத்துச் சிமென்ட்டால் நிறுத்த வேண்டும், அப்போது ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால் பிடிப்பு கெடும். முன்பல்லுக்குச் சரி. கடைவாயில், அதுவும் அசையும் குழந்தைக்கு, என் வாக்கு ஸ்டீலுக்குத்தான்.

எல்லாப் பால் பல்லுக்கும் கேப் என்று சொல்லவில்லை. சின்னக் குழி, ஒரே பரப்பு, ஈரமில்லாமல் வைக்க முடிகிறது, அல்லது பல் சீக்கிரமே விழப்போகிறது என்றால் அடைப்பே போதும். அப்புறம், இடையில் எப்போதாவது கிராம்பு எண்ணெய் வாசம் வருகிற தற்காலிக மருந்து வைத்திருந்தால் மறுபடி அடைப்பதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதிலுள்ள யூஜினால் காம்போசிட்டைச் சரியாக இறுகவிடாது.

குழந்தைக்கு நிக்கல் ஒவ்வாமை இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஸ்டீலில் நிக்கல் உண்டு. கேப் போட்ட பிறகு ஓரிரு நாள் ஈறு வலிக்கலாம், பல் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். கேப் கழன்று வந்தால் தூக்கிப்போடாமல் எடுத்துக்கொண்டு போங்கள், நெளியாமல் இருந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். பல் விழும் வயதில் கேப்பும் அதோடு சேர்ந்தே விழும், தனியாகக் கழற்ற வேண்டியதில்லை. கேப் போடும் அன்றைக்கே, ஒட்டியிருக்கும் பின்பல்லின் பக்கச் சுவரையும் எக்ஸ்ரேயில் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள், ஒரு பல்லின் பக்கத்தில் சொத்தை இருந்தால் எதிர்ப்பக்கத்திலும் தொடங்கியிருப்பது மிகச் சாதாரணம்.