தாலிப் பொட்டில் ஹால்மார்க் ஏன் இல்லை?

கேள்வி: மாப்பிள்ளை வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள். தாலியில் இரண்டு பொட்டு வேண்டும், ஒன்று நாங்கள் செய்ய வேண்டும், கருகமணியும் கோக்க வேண்டும் என்கிறார்கள். கடையில் பார்த்த பொட்டில் ஹால்மார்க் இல்லை. சின்ன உருப்படிக்கு அது கிடையாதாம். உண்மையா? (வாசகி, கோவை)

பதில்: உண்மைதான். 2 கிராமுக்குக் குறைந்த தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. கல்யாணத்தன்று மட்டும் போடும் ஆரத்துக்கு முத்திரை உண்டு, ஆயுசுக்கும் கழுத்தில் கிடக்கிற பொட்டுக்கு இல்லை! ஆகவே பில்தான் உங்களுக்குச் சாட்சி. '22 காரட், 916' என்று தரத்தையும் எடையையும் அதில் எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட் சீட்டு உதவாது. அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

கொடி விஷயம் வேறு. அதன் எடை 2 கிராமைத் தாண்டும் என்பதால் பி.ஐ.எஸ். முத்திரை, தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) மூன்றும் இருந்தாக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். கையில் இருப்பது கொடி, செயலி மோதிரம் என்று காட்டுகிறதா? கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

பணம் கைநழுவுவது கருகமணியில்தான். மணியோடு சேர்த்து நிறுத்து, மொத்தத்துக்கும் தங்க விலை போட்டுவிடுவார்கள். மணி நீக்கிய நிகர எடை பில்லில் தனியாக இருக்கட்டும். சேதாரமும் அந்த எடைக்குத்தான் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் கேட்பது புஸ்தெலு. வட்டமான இரண்டு தகடு, ஒன்று தாய்வீட்டுச் சீர், மற்றது புகுந்த வீட்டுடையது. மராட்டியர் கருகமணிச் சரத்தில் இரண்டு சின்னக் கிண்ணம் கோப்பார்கள், கேரளத்தில் ஆலிலைத் தாலி. நம் பக்கத்திலேயே லிங்கம், நாமம், பொட்டு என்று குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதனால் கேட்லாக்கை நம்பாமல் சம்பந்தியம்மாவின் தாலியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதே அளவில் செய்யக் கொடுங்கள்.

கேள்வி: மாமியாரின் பழைய தாலிக் குண்டுகளைப் போட்டுப் புதிது எடுக்கப் போனேன். எடையில் நிறையக் கழிக்கிறார்கள். ஏமாற்றா? (வாசகி, காரைக்குடி)

பதில்: அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். பழைய குண்டுகள் பல உள்ளே கூடு. நசுங்காமலிருக்க அரக்கு அடைத்திருப்பார்கள். அந்த எடைக்குத் தங்க விலை கிடைக்காது. ஆனால் கண்மதிப்பாகக் கழிக்க விடாதீர்கள். உங்கள் முன்னாலேயே உருக்கி நிறுக்கச் சொல்லுங்கள், தரத்தையும் அப்போதே மெஷினில் பார்க்கட்டும். மறுத்தால் அடுத்த கடை. வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்: குண்டு கெட்டியா, அரக்கு அடைத்ததா?